ஜிடானுக்குக் கிடைத்தது, பிர்லோவுக்குக் கிடைக்காதது

கால்பந்தில் பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆவாரா? ஆவார் என்பவர் க்ரைஃபையும் பெக்கன்பவரையும் சொல்வார். ஆகமாட்டார் என்பவர் 2009-ல் லா பாஸில் பொலிவியாவிடம் 6-1 என்று நொறுங்கிய மரடோனாவின் அர்ஜென்டினாவைக் காட்டுவார். பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால் விடிய விடியப் பேசலாம், விடை வராது. ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த இருவரை அருகருகே நிறுத்திப் பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும்.

அதற்கு ஜிடானும் பிர்லோவும் தோதான ஜோடி. இருவரும் நடுகள வீரர்கள். 1998-ல் ஒருவர், 2006-ல் மற்றவர் உலகக் கோப்பை வென்றவர்கள். இருவருமே பயிற்சியாளர் அன்செலோட்டியிடம் ஆடியவர்கள். இருவருக்கும் முதல் பெரிய பொறுப்பைக் கொடுத்தது அவர்கள் ஆடிய கிளப்தான். ஜிடான் ரியல் மாட்ரிட்டில் இரண்டரை ஆண்டுக்குள், ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை மூன்று முறை வென்றார். பிர்லோவை யுவென்டஸ் ஒரே சீசனில் அனுப்பிவிட்டது.

ஆடி முடித்ததற்கும் பெரிய அணியை ஏற்றதற்கும் நடுவில் என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஜிடான் 2013-14-ல் அன்செலோட்டிக்கு உதவியாளராக பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த 18 மாதங்கள் மூன்றாம் டிவிஷனில் ஆடிய காஸ்டீயா என்ற ரிசர்வ் அணியை நடத்தினார். அங்கே அவர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. அணி மேல் டிவிஷனுக்கு ஏறவில்லை. பயிற்சியாளர் உரிமம் இல்லை என்று வழக்கு வேறு. ஆனால் வாராவாரம் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது, விடுபட்டவனிடம் காரணம் சொல்வது, 60-வது நிமிடத்தில் யாரை மாற்றுவது, தோற்ற மறுநாள் காலை பயிற்சியை எப்படித் தொடங்குவது என்பதெல்லாம் செய்து செய்துதான் கைக்கு வரும். அந்தத் தவறுகளை ஜிடான் ஆளில்லாத இடத்தில் செய்து முடித்தார்.

பிர்லோவை 2020 ஜூலை 30-ல் யுவென்டஸின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நியமித்தார்கள். ஆகஸ்ட் 8-ல் முதல் அணியின் பயிற்சியாளர் சாரியை நீக்கிவிட்டு அவரையே முதல் அணிக்கு ஏற்றினார்கள். இளைஞர் அணியோடு ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. உயர்மட்ட உரிமமே செப்டம்பரில்தான் கைக்கு வந்தது. கொரோனாவால் முந்தைய சீசன் ஆகஸ்ட் வரை இழுத்ததால், தயாராகக் கிடைத்தது ஒரு மாதம் போல.

அவர் திட்டம் மோசமில்லை. தற்காப்பில் 4-4-2, அதாவது பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்; பந்து கையில் வந்ததும் பின்னால் மூவர், அவர்களுக்கு முன் இருவர், முன்கள வரிசையில் ஐவர். பந்தைப் பின்னாலிருந்தே சிறு பாஸ்களில் கொண்டுவர வேண்டும். அங்கேதான் வீடு இடிந்தது. 2021 பிப்ரவரியில் போர்ட்டோவுடன் இரண்டாவது நிமிடம்: யுவென்டஸின் பென்டான்கூர் தன் கோல்கீப்பருக்குத் தட்டிய பந்தில் வேகம் போதவில்லை, போர்ட்டோவின் தரேமி பாய்ந்து கோலாக்கினார். மார்ச்சில், அந்த சீசனோடு கீழ் டிவிஷனுக்கு இறங்கிய பெனவென்டோ, யுவென்டஸின் ஊரான டூரினுக்கே வந்து 1-0 என்று வென்றது. யுவென்டஸின் ஆர்தர் தன் பெனால்டி பாக்ஸுக்கு முன்னால் குறுக்கே அனுப்பிய பாஸ் நேராக எதிராளி காலுக்குப் போனதுதான் காரணம்.

இந்தப் பிழைகளை வீரர்களின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த ஆட்டமுறைக்கு ஒழுங்கு வேண்டும். நடுத் தடுப்பாட்டக்காரர்களான சென்டர் பேக்குகள் பாக்ஸின் இரு ஓரங்களுக்கும் விலக வேண்டும். நடுவில் ஒருவர் எதிராளியின் நிழலிலிருந்து வெளியே வந்து நிற்க வேண்டும். பந்து வாங்குபவரின் உடம்பு முன்பே பாதி திரும்பியிருக்க வேண்டும். வழி அடைத்திருந்தால் அடுத்த வழி எது என்பது பந்து வருமுன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆடிய காலத்தில் பிர்லோ இவ்வளவையும் யோசிக்காமலே செய்தார். தனக்கு மூச்சு விடுவதுபோல் வந்ததைப் படிப்படியாகப் பிரித்து இன்னொருவனுக்குப் போடுவது வேறு தொழில். அதைக் கற்க அவருக்கு யாரும் நாள் கொடுக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் 78 புள்ளிகளும் இரண்டு கோப்பைகளும் அவமானம் அல்ல. ஆனால் தொடர்ந்து ஒன்பது முறை லீக் வென்ற கிளப்பில் நான்காம் இடத்தை யாரும் பொறுக்கவில்லை.

அப்படியானால் பெரிய ஆட்டக்காரராக இருந்ததில் பலனே இல்லையா? உண்டு, அதுவும் பெரிய பலன். ஜிடான் ஆடிய காலத்தில் அவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பறித்துக் கொடுத்தவர் மகெலேலே. 2003-ல் ரியல் அவரை விற்றது. அந்த வெற்றிடம் என்ன செய்யும் என்பதை ஜிடான் களத்தில் நின்று உணர்ந்தவர். 2016 பிப்ரவரியில் அட்லெடிகோவிடம் சொந்த மைதானத்தில் தோற்றதும், அழகாக ஆடும் ஹாமெஸையும் இஸ்கோவையும் பெஞ்சில் உட்காரவைத்து, பந்தைப் பறிக்கும் கசெமிரோவை நடுவில் நிறுத்தினார். அடுத்த சீசனில், ஒரு ஆட்டத்தையும் விட மனமில்லாத ரொனால்டோவை வெளியூர் லீக் ஆட்டங்கள் பலவற்றில் ஓய்வெடுக்கச் சம்மதிக்க வைத்தார். சாம்பியன்ஸ் லீக்கில் கால் இறுதியிலிருந்து பயர்னிடம் ஐந்து, அட்லெடிகோவிடம் மூன்று, கார்டிஃப் இறுதியில் யுவென்டஸிடம் இரண்டு என்று அவர் காலிலிருந்து பத்து கோல்கள் வந்தன. அதே சொல்லைப் பெயரில்லாத ஒருவர் சொல்லியிருந்தால் ரொனால்டோ கேட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

பெயரில்லாதவரின் வழிக்கு அர்ரிகோ சாக்கிதான் சாட்சி. தொழில்முறையாக ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், அப்பாவின் காலணி வியாபாரத்தில் இருந்தவர். 1987-ல் மிலான் கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்த சில மாதங்களிலேயே எஸ்பான்யோலிடம் யூஃபா கோப்பையில் தோற்று வெளியேறினார். உரிமையாளர் பெர்லுஸ்கோனி பக்கத்தில் நிற்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆடாதவரை நியமிக்கும் கிளப் முதல் தோல்விகளைத் தாங்கத் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் அவருக்குப் பழைய பெயர் என்ற கையிருப்பு இல்லை.

சாக்கி வீரர்களை நம்பவைத்தது ஒரு பயிற்சியால். ஒரு பக்கம் கோல்கீப்பரும் நான்கு தடுப்பாட்டக்காரர்களும்: பரேசி, மால்தினி, தசோத்தி, கொஸ்தகுர்தா. எதிரே குலித், வான் பாஸ்டன், ரைகார்ட் உட்படப் பத்துப் பேர். 15 நிமிடம். பந்தைப் பறிகொடுத்தால் பத்துப் பேரும் தங்கள் பாதிக்குள் 10 மீட்டர் பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும். ஒரு கோல்கூட விழவில்லை. ஒழுங்காக நிற்கும் ஐவர் ஒழுங்கில்லாத பத்துப் பேரைத் தடுப்பார்கள் என்பதை வாயால் சொல்லாமல் காட்டிவிட்டார்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் அன்செலோட்டி. பிறகு இத்தாலி தேசிய அணியில் சாக்கியின் உதவியாளராக இருந்தார், அதற்குப் பிறகே ரெஜியானாவில் தனியாகப் பொறுப்பேற்றார். பயிற்சியாளராக ஐந்து சாம்பியன்ஸ் லீக் வென்ற ஒரே ஆள் அவர்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஜிடான் கற்றார். ஆடாதவரிடமிருந்து ஆடியவருக்குத் தொழில் கைமாறியது. அன்செலோட்டியின் கீழ் ஆடினால் மட்டும் அது வந்துவிடாது, பிர்லோவும் ஆடினாரே.

முன்னாள் நடுகள வீரர் சாபி அலோன்சோவும் இதே வழியில் வந்தவர். ரியல் சொசியெதாத்தின் ரிசர்வ் அணியில் மூன்று சீசன். அதில் ஒருமுறை அணியை மேலே ஏற்றி, அடுத்த ஆண்டே கீழிறங்கினார். 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசனை 17-வது இடத்தில் ஏற்று, 2023-24 லீக்கை 28 வெற்றி, 6 சமநிலை, ஒரு தோல்வியும் இல்லாமல் முடித்தார்.

பெரிய பெயரைத் தேடும் கிளப், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் உயர்மட்ட புரோ உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. வகுப்பறை மணிநேரம் முடிவெடுக்கும் பழக்கத்தைத் தராது. தலைமைப் பொறுப்பில் குறைந்தது ஒன்றரை சீசன் ஏதாவது ஒரு அணியை நடத்தினாரா, அதில் தோற்றபோது எதை மாற்றினார் என்று கேட்க வேண்டும். பிரான்ஸின் முன்னாள் நட்சத்திர வீரர் தியெரி ஒன்றி, பெல்ஜியம் தேசிய அணியில் உதவியாளராக மட்டும் இருந்துவிட்டு 2018 அக்டோபரில் கீழிறங்கும் ஆபத்தில் இருந்த மொனாக்கோவை ஏற்றார், ஜனவரியில் வெளியேறினார். பிறகு 2023-ல் பிரான்ஸின் இளையோர் அணியை எடுத்துக்கொண்டு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வரை கொண்டுபோனார்.