ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்

ராமநாதபுரம், கீழக்கரை பக்கம் பூனை, நாய் வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். '24 மணி நேர அவசர சிகிச்சை, ஐசியூ வசதி' என்று போர்டு மாட்டிய ஒரு தனியார் கிளினிக்கில் போன மாதம் நன்றாக ஏமாந்தேன். பெயர் போடவில்லை.

எங்கள் பூனை சூடை, நாலு வயதுக் கடுவன். அன்று மத்தியானத்திலிருந்து மண் தட்டில் போய்ப் போய்க் குந்திக் கத்தியது. ஒரு சொட்டு வரவில்லை. உம்மா மலச்சிக்கல் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் வாந்தி. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக ஓர் உருண்டை. மூத்திரப்பை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் ரொம்பக் குறுகல். அது அடைத்துக்கொண்டால், வெளியே போகவேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும்.

ராத்திரி எட்டரைக்குக் கொண்டுபோனோம். முதல் பேச்சே 6,000 ரூபாய் அட்வான்ஸ். அங்கிருந்த தம்பி வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போனில் யாரிடமோ பேசிவிட்டு, "மலச்சிக்கல்தான்னு டாக்டர் சொல்றார்ணே, சலைன் போட்டா சரியாயிடும். நீங்க கெளம்புங்க, ராத்திரி பூரா நாங்க பாத்துக்கிறோம்" என்றான். துபாயில் இருக்கும் வாப்பாவுக்கு அனுப்ப, சலைன் ஏறுவதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மனசு கேட்காமல் காலை ஐந்தே முக்காலுக்குப் போனால், ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. தம்பி பெஞ்சில் தூங்குகிறான். போட்டோவோடு ஒப்பிட்டேன், பாட்டிலில் ஒரு விரற்கடைதான் குறைந்திருந்தது. அதுவும் ரத்தக்குழாயில் போகவில்லை, தோலுக்கடியில் இறங்கி முன்னங்கால் புசுபுசுவென்று வீங்கி, பிளாஸ்டர் சதைக்குள் பதிந்து கிடந்தது.

அங்கிருந்தே கார் பிடித்து மதுரைக்குப் போனோம். பரமக்குடி தாண்டும்போது தலையைக்கூடத் தூக்கவில்லை. மதுரை டாக்டர் வயிற்றில் கை வைத்ததுமே அடைப்பு என்றார். டியூப் விட்டதும் வரக்காப்பி நிறத்தில் மூத்திரம் வந்தது. மூன்று நாள் வைத்திருந்தார்கள், பிழைத்துவிட்டது.

நம் ஊரில் வசதி இல்லாததற்கு நான் கோபப்படவில்லை. மதுரை 110 கிலோமீட்டர் சொச்சம். "ராத்திரி டாக்டர் இல்லை, ரத்தம் பார்க்க மெஷின் இல்லை" என்று சொல்லியிருந்தால் எட்டரைக்கே கிளம்பியிருப்போம், பதினொன்றரைக்குள் போய்ச் சேர்ந்திருப்போம். அதனால் டாக்டர் நேரில் இருப்பாரா, போனிலா, பொட்டாசியம் அங்கேயே பார்ப்பார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் பூனையைக் கையில் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

அட்வான்ஸைக் கேட்கப் போனேன். 'ஐசியூ கண்காணிப்பு, 1 இரவு, 2,500' என்று பில் நீட்டினார்கள். சரி, கண்காணித்த தாளைக் காட்டுங்கள் என்றேன். "எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறோம்ணே" என்றார்கள். மூன்று வாரம் ஆகிறது.