ஸ்கிம்மா, லோ ஃபேட்டா, ஃபுல் கிரீமா: சிங்கப்பூர்ச் சமையலறைக்கு எந்தப் பால்?

பேரங்காடியில் பால் அடுக்கின் முன்னால் நின்று யோசிக்காதவர்கள் குறைவு. ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறோம், வைக்கிறோம், பக்கத்துப் பெட்டியை எடுக்கிறோம். ஒரே நிறுவனம், ஒரே அளவு, பெரும்பாலும் ஒரே விலை. கொழுப்பை எடுத்துவிட்டதற்காக யாரும் விலையைக் குறைப்பதில்லை. எடுத்த கொழுப்பு வெண்ணெயாகவும் கிரீமாகவும் இன்னொரு அடுக்கில் தனி விலைக்கு உட்கார்ந்திருக்கிறது. அது வியாபாரம். நம் கவலை, இந்த மூன்றில் எதைக் கூடையில் போடுவது என்பதுதான்.

முதலில் கணக்கு. கால் லிட்டர் ஃபுல் கிரீம் பாலில் சுமார் 8 முதல் 9 கிராம் கொழுப்பு, ஏறக்குறைய 155 கலோரி. லோ ஃபேட் ஒரு சதவீதமா ஒன்றரை சதவீதமா என்பதைப் பொறுத்து அதே அளவில் இரண்டரை முதல் நான்கு கிராம் கொழுப்பு, 105 முதல் 120 கலோரி. ஸ்கிம் பாலில் கொழுப்பு பெயருக்குத்தான், கலோரி 85–90. புரதம் மூன்றிலும் 8 கிராமை ஒட்டியே இருக்கும். சுண்ணாம்புச் சத்தும் ஏறத்தாழ சமம், 300 மில்லிகிராம் பக்கம். ஸ்கிம் பால் ‘தண்ணி கலந்த பால்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நியாயமில்லை. அதில் தண்ணீர் சேர்ப்பதில்லை, கொழுப்பை மட்டும் பிரித்து எடுக்கிறார்கள். கொழுப்போடு சேர்ந்து போவது வைட்டமின் ஏ. சில நிறுவனங்கள் அதைத் திரும்பச் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களில் ஒரு விஷயம் கண்ணில் படவேண்டும். லோ ஃபேட் நடுவில் நிற்கும் பால் போலத் தெரிந்தாலும் அது ஸ்கிம் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஃபுல் கிரீமிலிருந்து லோ ஃபேட்டுக்கு மாறினாலே கொழுப்பில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதற்கு மேல் ஸ்கிம்முக்குப் போனால் மிச்சமாவது கொஞ்சம், இழக்கும் ருசி நிறைய.

பெட்டியில் இருக்கும் எழுத்து

2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் கடையில் அடைத்து விற்கும் பானங்களுக்கு நியூட்ரி-கிரேடு என்ற தர எழுத்து வந்தது, ஏ முதல் டி வரை. முக்கியமாகப் பார்ப்பது இரண்டு விஷயம்: சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு (சேச்சுரேட்டட் ஃபேட்). வெறும் பாலில் எழுத்தை முடிவு செய்வது கொழுப்புதான். நூறு மில்லிலிட்டரில் 1.2 கிராமுக்கு மேல் 2.8 கிராம் வரை நிறைவுற்ற கொழுப்பு இருந்தால் சி. ஃபுல் கிரீம் பாலில் அது இரண்டு கிராமைத் தாண்டும், ஆகவே சி. லோ ஃபேட் பெரும்பாலும் பி, ஸ்கிம் ஏ.

இங்கே எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. நூறு மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை சர்க்கரை போட்ட டின் பானத்துக்கும் அதே சி. புரதமும் சுண்ணாம்பும் உள்ள ஒன்றும் வெறும் சர்க்கரைத் தண்ணீரும் ஒரே எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு பாலை இன்னொரு பாலோடு ஒப்பிட அந்த எழுத்து நன்றாக உதவும். பாலைக் குளிர்பானத்தோடு ஒப்பிட அதை நம்பாதீர்கள். சி என்று பார்த்துப் பாலைக் கீழே வைத்துவிட்டு, பி என்று போட்ட இனிப்புத் தேநீர்ப் புட்டியை எடுத்துப் போகிறவர்களைப் பார்க்கத்தான் செய்கிறோம்.

தேத்தண்ணியில் என்ன ஆகும்

ஒரு குவளை தேத்தண்ணிக்கு நூறு மில்லி பால் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் கிரீமுக்கும் ஒன்றரை சதவீத லோ ஃபேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு கிராம் கொழுப்பு, அதாவது 18 கலோரி. ஒரு தேக்கரண்டி சீனியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பாலை மாற்றிவிட்டு ‘சப்பென்று இருக்கே’ என்று அரைக் கரண்டி சீனியைக் கூட்டிப் போட்டால் லாபத்தில் பாதி போச்சு. ஸ்கிம் பாலில் இந்த ஆபத்து அதிகம். நிறம் மங்கி, வாயில் கனமில்லாமல், இஞ்சியும் ஏலமும் தட்டினாலும் வாசனை நிற்காது. அந்த வாசனைப் பொருள்கள் கொழுப்பில் கரைபவை, பிடித்துவைக்கக் கொழுப்பு வேண்டும். லோ ஃபேட் பாலில் டீத்தூளைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு இரண்டு கொதி அதிகம் விட்டால் பெரிய குறை தெரியாது.

இதெல்லாம் வீட்டுக் குவளைக்கு. தேக்கா தேநீர்க் கடையில் ‘அண்ணே, ஒரு தே’ என்று பால் தேநீர் சொல்லும்போது இந்த மூன்று பாலில் ஒன்றுகூட உள்ளே போவதில்லை. ஊற்றுவது இனிப்பிட்ட கெட்டிப்பால், எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. சில டின்களில் பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில்கூட இருக்கும். ‘கிரீமர்’ என்று எழுதியிருந்தால் பொருள்பட்டியலைப் பாருங்கள். வீட்டில் ஸ்கிம், வெளியில் ஒரு நாளைக்கு இரண்டு தே என்றால் வீட்டுச் சிக்கனத்துக்கு அர்த்தமே இல்லை. ‘தே சி கொசோங்’ என்று கேட்டால் சர்க்கரை சேர்க்காத ஆவிப்பால் வரும். வீட்டுப் பாலை மாற்றுவதற்கு முன்னால் மாற்ற வேண்டியது இதுதான் என்பது என் கட்சி.

தயிர், பாயசம், பனீர்

நம் வீடுகளில் பால் வாங்கும் முடிவைப் பாதி நேரம் தயிர்தான் எடுக்கிறது. ஃபுல் கிரீமில் உறை ஊற்றினால் கெட்டியாகத் தோயும், கேள்வியே இல்லை. ஆனால் கடைப் பாலில் கொழுப்பைப் பொடித்துக் கலந்துவிடுவதால் ஊரில் பார்த்த தடித்த ஆடை வராது.

லோ ஃபேட்டில் தயிர் நீர்விடுகிறது என்பவர்கள் பெரும்பாலும் பாலை ஒரு பொங்கு பொங்கவிட்டு உடனே இறக்கிவிடுகிறவர்கள். பொங்கியதும் அடுப்பைச் சிறிதாக்கி, கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வையுங்கள். 85 டிகிரிக்கு மேல் அந்த நேரம் நிற்கும்போது பாலின் மோர்ப்புரதம் உருமாறி மற்றப் புரதத்தோடு பின்னிக்கொள்கிறது. அந்தப் பின்னல்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கும். இன்னும் கெட்டி வேண்டுமென்றால் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஸ்கிம் பால்மாவைக் கரைத்துவிடலாம். பிறகு விரல் பொறுக்கும் சூட்டில் உறை. இந்த ஊர் வெக்கையில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். இரவு படுக்கும்போது ஊற்றிக் காலையில் பார்த்தால் புளித்திருக்கும், மாலையில் ஊற்றித் தூங்குமுன் ஃபிரிட்ஜில் வைப்பது உத்தமம். அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் யுஎச்டி பாலிலும் தயிர் வரும், ஆனால் கொஞ்சம் தளதளவென்று.

ஸ்கிம் பால் தயிர் மோருக்கு நல்லது. தயிர்சாதத்துக்கு வேண்டாம்.

பாயசம், பால்கோவா, பனீர் மூன்றுக்கும் ஃபுல் கிரீம்தான், வாதமே வேண்டாம். லோ ஃபேட் பனீர் ரப்பர் போலாகும், அளவும் குறையும். வருடத்தில் சில நாள் செய்யும் பாயசத்தில் கொழுப்பைக் கணக்குப் பார்ப்பது வீண் வேலை.

யாருக்கு எது

ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்கக் கூடாது. ஒன்று முதல் இரண்டு வயதுவரை ஃபுல் கிரீம். வளரும் குழந்தைக்கு அந்தக் கொழுப்பு தேவை. இரண்டு வயதுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு லோ ஃபேட் போதும்.

வயதானவர்கள் என்றதும் ஸ்கிம் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. சாப்பாடு குறைந்து உடம்பு மெலிந்துகொண்டே வரும் பாட்டிக்கு ஒரு குவளைப் பால் கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. அதிலும் கலோரியை எடுத்துவிட்டால் எப்படி? அவருக்கு ஃபுல் கிரீமே சரி, பலதுறை மருந்தக மருத்துவர் வேறு சொல்லியிருந்தாலொழிய.

இரத்தத்தில் கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) கூடியிருக்கிறவர் கதை வேறு. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைவுற்ற கொழுப்பு நாளுக்கு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அரை லிட்டர் ஃபுல் கிரீம் பால் அதில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். நெய், தேங்காய்ப்பால், நாசி லெமாக் எல்லாம் மிச்சப் பாதியில் அடங்க வேண்டும். முழுப் பால் குடித்தால் இதய நோய் கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு குவளைக்கு மேல் பால் குடிப்பவர், ஓட்ஸ் கஞ்சியைப் பாலிலேயே காய்ச்சுபவர் போன்றோருக்குத்தான் ஸ்கிம் உண்மையில் லாபம். தேத்தண்ணிக்கு மட்டும் பால் தொடுகிறவருக்கு எது வாங்கினாலும் பெரிய வித்தியாசமில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஸ்கிம் என்றால் தாராளமாகக் குடிக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸ் மூன்றிலும் குவளைக்கு 12 கிராம் அளவில்தான். அதே காரணத்தால், பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும் ஸ்கிம் உதவாது. அவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பால் தனியாக விற்கிறது, தயிரும் ஓரளவு ஒத்துக்கொள்ளும்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே பால்தான் என்றால் நான் எடுப்பது லோ ஃபேட். குழந்தையோ மெலிந்த பெரியவரோ இருக்கும் வீட்டில் கூடவே ஒரு சிறிய ஃபுல் கிரீம் பெட்டி.