மேட்டுப்பாத்திக்குப் பலகையா, ஹாலோ பிளாக்கா?

செங்கல்பட்டுப் பக்கம் ஏரிப் பாசன வயலாக இருந்து மனையான இடத்தில் வீடு கட்டியவர்களுக்கு ஐப்பசி மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். களிமண்ணில் தண்ணீர் தேங்கி, தக்காளியும் மிளகாயும் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். பாத்தியை ஓர் அடிக்கு மேல் உயர்த்திக் கட்டினால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும். எதை வைத்துக் கட்டுவது என்பதுதான் கேள்வி. நான் ஹாலோ பிளாக்கில், அதாவது துளையுள்ள சிமென்ட் கல்லில் கட்டினேன்.

செடி வளர்க்கும் எச்டிபிஇ பிளாஸ்டிக் பைகள் மாடிக்குப் பொருத்தம், எடை குறைவு. வெயிலில் நாளடைவில் நைந்துபோகும். தரையில் இடம் இருப்பவர்களுக்கு அவை தேவையில்லை.

பலகைப் பாத்தி பார்க்க அழகு, வேலையும் சுலபம். ஆனால் நம் ஊரில் கரையான் இருக்கிறதே! ஈர மண்ணை ஒட்டிக் கிடக்கும் பலகையைவிட அதற்கு வாகான இடம் கிடையாது. மண் பக்கமிருந்து உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு வருவதால் வெளியே ஒன்றும் தெரியாது. அழுத்தினால் விரல் உள்ளே போகும்போதுதான் தெரியும். வைரம் பாய்ந்த தேக்கு நாள்படத் தாங்கும், ஆனால் அந்த விலைக்கு யார் பாத்தி கட்டுவார்கள்? அஸ்திவாரத்துக்கு அடிக்கும் கரையான் மருந்தான குளோர்பைரிபாஸையோ, வேலிக்காலில் பூசும் கழிவு ஆயிலையோ கீரை வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோக எனக்கு மனம் வராது. பலகை போனால் பலகைச் செலவு மட்டுமல்ல. காய்க்கிற செடியைப் பிடுங்கி, பாத்தி மண்ணை மொத்தமாக வெளியே அள்ளி, திரும்பக் கொட்ட வேண்டும். என்னைப் பலகையிலிருந்து விலக்கியது அந்த வேலைதான்.

ஹாலோ பிளாக்கைக் கரையான் தொடாது. 16க்கு 8க்கு 8 அங்குலக் கல், நீளப் பக்கம் 6, அகலப் பக்கம் 3. ஒவ்வொரு பக்கத்தின் ஒரு முனை அடுத்த பக்கத்தில் முட்டி நிற்கும்படி சுற்றி வைத்தால் ஒரு வரிசைக்கு 18 கல். இரண்டாம் வரிசையை எதிர்த்திசையில் சுற்றினால் கல் சரியாகப் பாதி நகர்ந்து உட்காரும். இணைப்புக்கு நேர் மேலே இணைப்பு வராது, துளைகள் நேராக நிற்கும். மூலைத் துளைகளில் கம்பி இறக்கி மண் நிரப்பிவிட்டேன். சிமென்ட் பூசவில்லை, அதனால் வீடு மாறினால் 36 கல்லையும் பிரித்து எடுத்துப் போகலாம், விற்கவும் செய்யலாம். உள்ளளவு 88க்கு 40 அங்குலம். 16 அங்குல உயரத்துக்குச் சுமார் 33 கன அடி மண் பிடிக்கும். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் கலந்து போட்டேன். சுவர்மேல் உட்கார்ந்தே களை பறிக்கலாம் என்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரிய உதவி.

சிமென்ட் கலவை இல்லாமல் மூன்றாம் வரிசை ஏற்ற வேண்டாம், மழையில் ஊறிய மண் சுவரை வெளியே தள்ளும். மேற்குச் சுவர் கோடையில் நன்றாகச் சுடும். அந்த ஓரத்தில் கொடிப்பசலை வைத்து, வைக்கோல் மூடாக்குப் போடுகிறேன். புதுக் கல்லில் சுண்ணாம்புச் சத்து இறங்கும் என்பார்கள். கீரையிலும் கத்தரியிலும் நான் வித்தியாசம் பார்க்கவில்லை, மற்ற பயிர்களுக்கு உறுதி சொல்ல என் அனுபவம் போதாது. கடப்பாக் கல்லைப் பக்கத்து வீட்டில் பார்த்ததோடு சரி. கரையான் அதையும் தொடாது, ஆனால் செங்குத்தாக நிறுத்திய கல்லை மண் தள்ளாமல் இருக்க வெளியே முட்டு கொடுத்திருக்கிறார்கள்.