குன்னூருக்குப் போகாமல் மானிட்டரை விசாரிக்க: எக்ஸ்ராண்டரா, சிஸ் கோப்புகளா?

குன்னூரில் ஒரு பள்ளியின் லினக்ஸ் கணினிகளைக் கோத்தகிரியிலிருந்து கவனித்துக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் சாலையில் மண் சரிந்தால் பஸ்ஸை நம்ப முடியாது. அங்குள்ள மானிட்டர்கள் எந்தெந்த ரெசல்யூஷனை ஏற்கும் என்பதை டெர்மினலில் கட்டளை தட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணினியின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பவருக்கு எக்ஸ்ராண்டர் (xrandr) என்ற திரை அமைப்புக் கட்டளை போதும். ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது), இப்போது ஓடுவதற்கு நட்சத்திரக் குறி, மானிட்டர் விரும்புவதற்குக் கூட்டல் குறி என்று எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடும். மாற்றவும் அதிலேயே முடியும். ஆனால் தொலைவிலிருந்து கணினிக்குள் புக உதவும் எஸ்எஸ்ஹெச் (ssh) வழியே நுழைந்து கேட்டால், டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. டிஸ்ப்ளே எண்ணையும், அங்கே லாகின் செய்திருப்பவரின் எக்ஸ் (திரையில் படம் காட்டும் மென்பொருள்) அனுமதிக் கோப்பையும் காட்டிச் சமாதானம் செய்ய வேண்டும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலாண்ட் (Wayland) ஓடினால் அதன் பட்டியலை அப்படியே நம்பவும் கூடாது.

என் ஓட்டு சிஸ் கோப்புகளுக்கு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் (/sys/class/drm) என்ற இடத்தில் ஒவ்வொரு வீடியோ போர்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம், டெஸ்க்டாப்பே வராமல் கிடந்தாலும் படிக்கலாம். ஸ்டேட்டஸ் கோப்பு மானிட்டர் இணைந்திருக்கிறதா என்று சொல்லும். மோட்ஸ் கோப்பு ரெசல்யூஷன்களை அடுக்கும். அதில் ஹெர்ட்ஸ் கிடையாது என்பது பெரிய குறைதான். 1920×1080 என்ற வரியே இரண்டு மூன்று முறை வந்து குழப்பும்.

அந்தக் குறையைத் தீர்ப்பது பக்கத்திலேயே இருக்கும் ஈடிஐடி கோப்பு. மானிட்டர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் வாக்குமூலம் அது. அடிப்படைப் பகுதி 128 பைட். ஹெச்டிஎம்ஐ மானிட்டர்களில் பெரும்பாலும் 256. மழையில் தள்ளாடும் இணைப்பிலும் நொடியில் வந்து சேரும். கோப்பின் அளவு பூஜ்யம் என்றுதான், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை காட்டும். அதைப் பொருட்படுத்தாமல் கேட் கட்டளையால் படித்து இங்கே ஒரு கோப்பில் சேமித்து, ஈடிஐடி-டிகோடுக்குக் கொடுத்தால் ஹெர்ட்ஸ் உட்பட அத்தனையும் விரிகிறது. டிகோட் மென்பொருள் என் கணினியில் மட்டும் இருந்தால் போதும்.

நான் பார்ப்பவை பெரும்பாலும் இன்டெல் கிராஃபிக்ஸ். என்விடியாவின் சொந்த டிரைவரில் மோட்செட் (திரை அமைப்பைக் கர்னல் வழியே கவனிக்கும் வசதி) அணைந்திருந்தால் இந்த ஃபோல்டர்களே தென்படாது. அங்கே எக்ஸ்ராண்டர்தான் கதி.

மோட்ஸ் பட்டியல் 1024×768-க்கு மேல் ஏறாமல், ஈடிஐடி கோப்பும் காலியாக இருந்தால், மானிட்டரை விட்டுவிட்டு கேபிளைச் சந்தேகியுங்கள். விஜிஏ கேபிளில் இந்தத் தகவல் வருவது 12, 15 ஆம் பின்கள் வழியாக; மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்தக் கம்பிகளே இருப்பதில்லை. பள்ளியில் இருக்கும் யாராவது கேபிளை மாற்றிப் பார்க்கட்டும். எக்ஸ்ராண்டரில் புது மோட் (ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் சேர்ந்த அமைப்பு) எழுதிச் சேர்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.