கன்ட்ரோல் சி அடித்தால் லூப் எந்த வரியில் நிற்கும்?

பைத்தான் நிரல் மொழியில், ஒரே வரிகளை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பாக ‘வைல் ட்ரூ’ போட்டு ஓட விட்ட ஸ்கிரிப்டை நிறுத்த எல்லோரும் அடிப்பது கன்ட்ரோல் சி. நிற்கத்தான் செய்யும். எந்த வரியில் நிற்கும் என்பதில்தான் வம்பு.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காகப் பராமரிப்புக் கட்டண நினைவூட்டல் அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஒரு வீட்டுக்கு மெயில் போகும். அடுத்த வரி, அந்த வீட்டுக்கு நேரே ‘அனுப்பியாச்சு’ என்று டேட்டாபேஸில் குறிக்கும். அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால் நடுவில் கன்ட்ரோல் சி அடித்தேன். இரண்டு வரிக்கும் இடையில் சரியாக வெட்டிவிட்டது. மறுபடி ஓட்டியதும் மாடி வீட்டு மாமாவுக்கு இன்னொரு மெயில். “ஏன் தம்பி, ஒரு தடவை சொன்னா கட்ட மாட்டேனா?” என்று லிஃப்டில் கேட்டார்.

நடப்பது இதுதான். கன்ட்ரோல் சி அடித்ததும் டெர்மினல், ஓடும் ஸ்கிரிப்ட்டுக்குச் சிக்இன்ட் என்ற 2ஆம் எண் சிக்னலை, அதாவது ‘நிறுத்து’ என்ற தகவலை, அனுப்புகிறது. பைத்தான் அதை மெயின் த்ரெட்டில் (நிரலின் முதன்மை ஓட்டத்தில்) கீபோர்ட்இன்டரப்ட் என்ற எக்செப்ஷனாக, அதாவது யாரும் பிடிக்காவிட்டால் ஓட்டத்தை முறித்துவிடும் பிழையாக, எறிகிறது. அந்த நொடியில் எந்த வரி ஓடிக்கொண்டிருந்தாலும் சரி.

இதைச் சமாளிக்க முதல் வழி, மொத்த லூப்பையும் ஒரு ‘ட்ரை’க்குள் வைத்து, அந்த எக்செப்ஷனைப் பிடிக்க வெளியே ‘எக்செப்ட் கீபோர்ட்இன்டரப்ட்’ போடுவது. மூன்று வரி வேலை. சிவப்பு சிவப்பாகப் பிழைச்செய்தி கொட்டாது, கடைசியாக ஓடும் ‘ஃபைனலி’ பகுதியில் டேட்டாபேஸ் கனெக்‌ஷனை மூடிவிடலாம், ‘ஸ்லீப்’பில் தூங்கிக்கொண்டிருந்தாலும் உடனே எழுந்து வெளியேறும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பிடித்துவிட்டுச் சும்மா முடித்தால் வெளியேறும் எண் (ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) 0. இதைக் கூப்பிட்ட ஷெல் ஸ்கிரிப்ட் ‘நல்லபடியாக முடிந்தது’ என்று அடுத்த வேலைக்குப் போய்விடும். 130 கொடுத்து வெளியேறுவதுதான் வழக்கம், அதாவது 128 கூட்டல் சிக்னல் எண் 2.

அதே ‘ட்ரை’யை லூப்புக்கு உள்ளே வைத்து, பெயர் சொல்லாத வெறும் ‘எக்செப்ட்’ போட்டு ‘கன்டினியூ’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. இதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்க மாட்டேன். கன்ட்ரோல் சி எத்தனை முறை அடித்தாலும் லூப் விழுங்கிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகும். ‘எக்செப்ட் எக்செப்ஷன்’ என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. 2006இல் வந்த பைத்தான் 2.5 முதல் கீபோர்ட்இன்டரப்ட், ‘எக்செப்ஷன்’ என்ற பெயருள்ள கிளாஸின் குடும்பத்துக்கு வெளியேதான் இருக்கிறது.

இரண்டாவது வழி கொடி வைப்பது. பைத்தானின் சிக்னல் மாட்யூலில் ஒரு ஹேண்ட்லரை, அதாவது சிக்னல் வந்தால் ஓட வேண்டிய ஃபங்ஷனை, பதிவு செய்கிறோம். அது எதையும் எறியாது. ‘நிறுத்து’ என்ற வேரியபிளை ட்ரூ ஆக்கிவிட்டுத் திரும்பிவிடும். லூப் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதைப் பார்க்கும். மெயில் போய், குறிப்பும் எழுதி, அப்புறம்தான் நிற்கும். மாமா கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு குழி உண்டு. பைத்தான் 3.5 முதல், ஹேண்ட்லர் எக்செப்ஷன் எறியாவிட்டால் ‘ஸ்லீப்’ மிச்சத் தூக்கத்தையும் தூங்கித் தீர்க்கும். சுற்றுக்கு 60 விநாடி ஸ்லீப் வைத்திருந்தால், கன்ட்ரோல் சி அடித்துவிட்டு ஒரு நிமிடம் வரை திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் ஒவ்வொரு விநாடியாக 60 தடவை தூங்க வைத்து, நடுவில் கொடியைப் பார்க்கிறேன். ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே பழைய இயல்பு ஹேண்ட்லரைத் திரும்பப் போட்டுவிடுகிறேன். பொறுமை போய் இரண்டாம் முறை அடித்தால் அப்போதே வெட்டிவிடும்.

சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட்டுக்குக் கொடி வழியே வசதி. அங்கே கன்ட்ரோல் சி அடிக்க ஆள் கிடையாது. சர்வரில் ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டி நிறுத்தும் சிஸ்டம்டி, டாக்கர் எல்லாம் நிறுத்தும்போது வழக்கமாக முதலில் அனுப்புவது ‘முடித்துக்கொள்’ என்னும் சிக்டெர்ம் சிக்னல். அது கீபோர்ட்இன்டரப்ட் ஆகாது, ‘ஃபைனலி’யும் ஓடாது. அதே ஹேண்ட்லரை அதற்கும் பதிவு செய்தால் முடிந்தது. சொல்லி வைக்காவிட்டால் டாக்கர் 10 விநாடிதான் காத்திருக்கும், அப்புறம் உடனே கொன்றுவிடும் சிக்கில் சிக்னல். அதை எந்த ஹேண்ட்லராலும் பிடிக்க முடியாது.

டேட்டாவைப் படித்துத் திரையில் காட்டுகிற ஸ்கிரிப்ட் என்றால் முதல் வழியோடு நிறுத்திக்கொள்வேன். கொடியெல்லாம் வீண் வேலை. மெயில் ஸ்கிரிப்ட்டில் கொடிதான். கூடவே மெயில் போவதற்கு முன்பே குறித்துவைக்க, டேட்டாபேஸில் ‘அனுப்பப் போகிறேன்’ என்று இன்னொரு நெடுவரிசையும் சேர்த்திருக்கிறேன். கரண்ட் போனால் எந்தச் சிக்னலும் வருவதில்லையே.