18 லட்சம் போட்டு ஷேர்ஹோல்டர் ஆனேன், இப்ப கைல இருக்கறது வெறும் பேப்பர். பிரைவேட் லிமிடெட்ல காசு போடறவங்க படிங்க

நேத்து சாயங்காலம்தான் வக்கீல் ஆபீஸ்ல இருந்து வந்தேன், ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல, ஆறிப்போச்சுன்னா எழுதமாட்டேன்னு இப்பவே டைப் பண்றேன். திருப்பூர்ல பனியன் துணிக்கு ஜாப் ஒர்க் பண்ற ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, பேரு வேண்டாம். அதுல நான் போட்டது 18 லட்சம். எக்ஸ்போர்ட்ல 14 வருஷம் மெர்ச்சண்டைசரா ஓடி சேத்த பிஎஃப் காசு 11 லட்சம், நகை வெச்சு 7 லட்சம். எப்படி உஷாரா இருக்கணும்னு கடைசில வெவரமா சொல்றேன், முதல்ல நடந்தத கேளுங்க.

அந்தக் கம்பெனிய நடத்தறவர அண்ணான்னுதான் கூப்பிடுவேன், எங்க அப்பா காலத்துல இருந்து பழக்கமான குடும்பம். செக்க அவங்க வீட்டு பூஜை ரூம்ல முருகன் படத்து முன்னால வெச்சு எடுத்துக் குடுக்கச் சொன்னாரு. "அம்மிணி, இனி இது உன்ற கம்பெனி, எதுன்னாலும் உன்னைய கேக்காம செய்ய மாட்டேன்"னாரு. அப்புறம் அவங்க சம்சாரம் ஷேர் சர்டிபிகேட்ட நாலு மூலைலயும் மஞ்சள் தடவி தாம்பாளத்துல வெச்சு குடுத்தாங்க. மொத்தம் 6,00,000 ஷேர்ல எனக்கு 1,80,000, அதாவது 30%. அந்த மஞ்சளப் பாத்தப்பறம் ஆர்ட்டிகிள்ஸ்ல, அதாவது கம்பெனியோட உள் விதிகள்ல, என்ன எழுதியிருக்குன்னு படிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. மெம்பருங்க, அதாவது ஷேர் வெச்சிருக்கறவங்க, மொத்தம் நாலே பேரு, அவரு, சம்சாரம், மச்சான், நான்.

ரெண்டு வருஷம் டிவிடெண்ட் இல்ல, மீட்டிங் நோட்டீஸ் இல்ல. கேட்டா "லாபத்த மெஷின்ல போட்டிருக்கோம் அம்மிணி", அடுத்த தடவ "ஆடிட்டர்கிட்ட பேசு", ஆடிட்டர் ஆபீஸ்ல "சார் ஃபைலிங்ல பிசி, மார்ச் முடியட்டும்", அப்புறம் வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் மட்டும். கடைசில ஒரு ஃப்ரெண்டு சொல்லி எம்சிஏ (கம்பெனிகளப் பாத்துக்கற மத்திய அரசு அமைச்சகம்) வெப்சைட்ல 100 ரூபா கட்டி கம்பெனி டாக்குமென்ட்ட எல்லாம் எடுத்தேன். அதுல பாஸ்-3ன்னு ஒரு பாரம், புதுசா ஷேர் ஒதுக்கினத சொல்றது. ரைட்ஸ் இஷ்யூ, அதாவது இருக்கற ஷேர்ஹோல்டருங்களுக்கே அவங்கவங்க பங்குப்படி புது ஷேர் தர்றது, போட்டு 14,00,000 ஷேர அவங்க மூணு பேருமே எடுத்துக்கிட்டாங்க. மொத்தம் 20 லட்சம் ஷேர் ஆயிடுச்சு, என்னோட 30% ஒரே நாள்ல 9%. 30% இருந்தப்ப நான் ஒருத்தி ஓட்டு மாத்திப் போட்டாலே கம்பெனில பெரிய முடிவுகளுக்குப் போடற ஸ்பெஷல் ரெசல்யூஷன் நிக்காது, அதுக்கு 75% ஓட்டு வேணும். இப்ப அந்தப் பிடியும் போச்சு.

புது ஷேர் வேணுமான்னு கேக்கற ஆஃபர் லெட்டரே எனக்கு வரலையேன்னு கேட்டா, மெயில் அனுப்பினோம்னு காட்டறாங்க. எந்த ஐடிக்கு? ஆரம்பத்துல கம்பெனி பேர்ல எனக்குன்னு போட்டுக் குடுத்த ஐடிக்கு. அதோட பாஸ்வேர்ட மாத்தினதே அவங்கதான்! சட்டப்படி மெயில்ல அனுப்பினா போதுமாம், குடுத்த நாளுக்குள்ள பதில் சொல்லலன்னா வேண்டாம்னு சொன்ன மாதிரியாம்.

இதுக்கு மேல ஆடிட்டர் பண்ணினதுதான் வயிறு எரியுது. "உங்ககிட்ட 9%தாம்மா இருக்கு, 10% இல்லாம டிரிபியூனல் (கம்பெனி வழக்குகள விசாரிக்கற கோர்ட்டு மாதிரி) போக முடியாது, அண்ணன்கிட்ட பேசி குடுக்கறத வாங்கிக்கோங்க"ன்னாரு. நானும் நம்பி 14 மாசம் சும்மா இருந்தேன். நேத்து வக்கீல் கம்பெனிஸ் ஆக்ட் 2013, செக்‌ஷன் 244 எடுத்து வெச்சு காட்டறாரு, ஷேர்ல பத்துல ஒரு பங்கு இருக்கணும், இல்லாட்டி மெம்பர் எண்ணிக்கைல பத்துல ஒரு பங்கு இருந்தாலும் போதும்னு. நாலு பேரு இருக்கற கம்பெனில நான் ஒருத்தியே கால்வாசி! கணக்குப் பாக்கறதையே தொழிலா வெச்சிருக்கற மனுசனுக்கு இது தெரியாதா? மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், எனக்கு இன்னும் அஞ்சு மாசம்தான் இருக்கு.

இன்னொண்ணு, கம்பெனியோட காம்பேக்டிங் மெஷின (துணி சுருங்காம இருக்க ஓட்டற மெஷின்) பாதி வெலைக்கு மச்சானோட ஃபர்முக்கு வித்திருக்காங்க. அந்தக் காசுல என் பங்கக் கேக்கலாமான்னு கேட்டேன். அது கம்பெனியோட நஷ்டம், உங்க நஷ்டம் இல்ல, திரும்ப வந்தாலும் கம்பெனி கணக்குக்குத்தான் வரும்னாரு வக்கீல். 1843ல இங்கிலாந்துல ஃபாஸ் - ஹார்பாட்டில்னு ஒரு கேஸ்ல இருந்து வர்ற ரூலாம், கம்பெனிக்கு நஷ்டம்னா கம்பெனிதான் கேஸ் போடணும். கம்பெனியவே அவங்க கைல வெச்சிருந்தா யாரு போடுவா? அதுக்குத்தான் கம்பெனிக்காக ஷேர்ஹோல்டரே போடற டெரிவேட்டிவ் கேஸ்னு ஒண்ணு இருக்காம். ஆனா இங்க ஷேரக் குறைச்சது, மெஷின வித்தது ரெண்டையும் செக்‌ஷன் 241ல ஒடுக்குமுறை, நிர்வாகச் சீர்கேடுன்னு ஒண்ணா போட்டுக்கலாம்னாரு. 242ல டிரிபியூனல் நெனச்சா என் ஷேர அவங்களையே நியாயமான வெலைக்கு வாங்க வைக்கலாம். நீலகிரி கேத்தில இருக்கற நீடில் இண்டஸ்ட்ரீஸ் கேஸையும் சொன்னாரு, 1981ல சுப்ரீம் கோர்ட், அதுலயும் ரைட்ஸ் ஆஃபர் லெட்டர் லேட்டா போனதுதான் பிரச்சன, ஒடுக்குமுறைன்னு ஒத்துக்கல, ஆனாலும் ஷேர் கெடைக்காம போன பார்ட்டிக்கு காசு குடுக்க வெச்சாங்களாம்.

அண்ணன்கிட்ட கடைசியா பேசினப்ப "வீட்டு விஷயத்த கோர்ட்டுக்கு இழுப்பியா அம்மிணி"ன்னாரு. 18 லட்சம் அண்ணா. என் புள்ள காலேஜ் ஃபீஸ்.

சரி, சீக்கிரம் சொல்லிடறேன், பஸ்ஸுக்கு டைம் ஆச்சு. காசு குடுக்கறதுக்கு முன்னால ஆர்ட்டிகிள்ஸ படிங்க, உங்க சம்மதம் இல்லாம புது ஷேர் போடக்கூடாதுன்னு எழுதி வாங்குங்க. உங்க சொந்த மெயில் ஐடிய மட்டும் குடுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா 100 ரூபா கட்டி எம்சிஏல பாத்துடுங்க. எதிர்பார்ட்டியோட ஆடிட்டர்கிட்ட சட்டம் கேக்காதீங்க.

மீதிய சென்னைல ராஜாஜி சாலை டிரிபியூனல்ல பெட்டிஷன் போட்டுட்டு வந்து எழுதறேன். யாராவது இந்த மாதிரி கேஸ் நடத்தியிருந்தா எவ்வளவு நாள் ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க.