பைத்தான் பீட்டாவோடு மூன்று ஆண்டுகள்

பைத்தான் நிரல்மொழியின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வரும். அதன் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, மே மாதமே கைக்கு வந்துவிடும். 2023 முதல் 3.12, 3.13, 3.14 மூன்றையும் பீட்டாவிலேயே எங்கள் அலுவலக நிரல்களோடு ஓட்டிப் பார்த்து வருகிறேன்.

முதல் ஆண்டு புது வசதிகளைப் பார்க்கும் ஆசையில்தான் இறக்கினேன். எங்கள் பழைய நிரலோ தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. நிரல்களைத் தொகுத்து நிறுவ உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூலை (பைத்தானோடு வந்த ஆயத்த நிரல் பகுதி) காணோம் என்றது. அதை 3.12-இல் நீக்கிவிட்டார்கள். 3.10-இலிருந்தே எச்சரிக்கை இருந்தது, எங்கள் கண்ணில்தான் படவில்லை. நாம் நேரடியாக ஓட்டும் கோப்பில் இருந்தால் மட்டுமே இவ்வகை எச்சரிக்கை திரையில் தெரியும். உள்ளே இம்போர்ட் ஆகும் கோப்புகளில் இருந்தால், நாமாகக் கேட்காதவரை வராது. அதனால் இப்போதெல்லாம் ஏப்ரலிலேயே, எச்சரிக்கைகளையும் பிழையாக எடுத்துக்கொள்ளச் சொல்லி டெஸ்ட்களை ஒருமுறை ஓட்டிவிடுகிறேன்.

3.13 இன்னும் அதிக வேலை வைத்தது. தொலைவிலுள்ள கருவிகளோடு டெல்நெட் முறையில் பேசும் டெல்நெட்லிப், இணையப் படிவங்களைக் கையாளும் சிஜிஐ உட்பட 19 பழைய மாட்யூல்கள் ஒரே பதிப்பில் போயின. பழைய நெட்வொர்க் சுவிட்சுகளோடு பேச எங்களிடம் டெல்நெட்லிப்பை நம்பிய ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. ஜூனிலேயே தெரிந்துவிட்டதால் அவசரப்படாமல் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறைக்கு மாற்றினோம். அப்புறம், அந்தப் பதிப்பின் புதிய ஷெல் (நிரலைத் தட்டி உடனே ஓட்டிப் பார்க்கும் இடம்)! மேல் அம்புக்குறியைத் தட்டினால் முந்தைய ஃபங்ஷன் முழுசாகத் திரும்பி வருகிறது. வரி வரியாகத் தேடிய காலம் போனதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அதே 3.13-இல் கார்பேஜ் கலெக்டரை (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் பகுதி) கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும்படி மாற்றியிருந்தார்கள். சில நிரல்கள் அதனால் மெதுவாகின்றன என்று கடைசிக் கட்டத்தில் தெரிந்து, மூன்றாம் ஆர்சியில் (ரிலீஸ் கேண்டிடேட், பீட்டாவுக்குப் பின் வரும் இறுதிக்கட்டச் சோதனைப் பதிப்பு) அந்த மாற்றத்தையே திரும்ப எடுத்தார்கள். அக்டோபர் 1 வர வேண்டிய பதிப்பு 7-ஆம் தேதி வந்தது. அதுவரை டெஸ்ட் பாஸ் ஆகிறதா என்று மட்டுமே பார்த்துவந்தேன். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்ததே இல்லை. 3.14 பீட்டாவிலிருந்து அதையும் குறித்துவைக்கிறேன். அந்தப் பீட்டாவில் உடைந்தது ஓரிடம்தான்: மெட்டாகிளாசுக்குள் (கிளாஸ்களை உருவாக்கும் கிளாஸ்) அனோட்டேஷன்களை, அதாவது வகைக் குறிப்புகளை, நேம்ஸ்பேஸ் என்ற பெயர்ப் பட்டியலிலிருந்து நேரடியாக எடுத்த வரி. அரை மணி நேர வேலை.

சலிப்பூட்டுவது ஒன்று உண்டு. சி மொழிப் பகுதி உள்ள நூலகங்களுக்குப் பீட்டா சமயத்தில் ஆயத்த வீல் (ஏற்கெனவே கம்பைல் செய்த தொகுப்பு) பெரும்பாலும் கிடைக்காது, நாமே கம்பைல் செய்ய வேண்டும். ஏபிஐ (ABI, கம்பைல் செய்த நூலகம் பைத்தானோடு இணையும் முறை) உறுதியாவது முதல் ஆர்சியில்தான் என்பதால் பலரும் அதுவரை காத்திருப்பார்கள். அதனால் முதலில் தூய பைத்தான் பகுதிகளை மட்டும் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (மற்றவற்றைப் பாதிக்காத தனிப் பைத்தான் சூழல்) ஓட்டுங்கள். கணினியின் பைத்தானைத் தொடவே வேண்டாம்.

பிழை கண்டால் ஆர்சிக்கு முன்பே கிட்ஹப் தளத்தில் உள்ள பைத்தானின் பிழைப் பட்டியலில் எழுதிவிடுங்கள். உங்கள் நூலகங்கள் எதுவும் இல்லாமல், பத்து வரியில் அதே பிழை வரும்படி நிரலைச் சுருக்கிக் கொடுங்கள். அப்படிச் சுருக்கும்போதே பாதி நேரம் தவறு நம் பக்கம் இருப்பது தெரிந்துவிடுகிறது, எனக்கு இரண்டு முறை அப்படித்தான் ஆனது.